காதியாருக்கு நியமனக் கடிதம் கொடுப்பது யார்?

'இஸ்லாமும் அரசும்' என்று தலைப்பு வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுத வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்தவன். ஓய்வு பெற்றபின் வெள்ளவத்தையில் இருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளும் வருகிறார்கள், முஸ்லிம் பிள்ளைகளும் வருகிறார்கள். இரு பகுதியாரும் ஒரே பெயர்ப் பட்டியலோடுதான் வருகிறார்கள்: மௌதூதி, செய்யித் குத்ப், கொமெய்னி. லாகூர், கெய்ரோ, தெஹ்ரான் எல்லாம் தெரிகிறது. பஸ்ஸேறிப் போகக்கூடிய, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடை தெரியவில்லை.

1. முதலில் சட்டத்தை வாசியுங்கள். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். அதைப்பற்றி யாரோ எழுதியதை வாசித்துவிட்டு வராதீர்கள். பன்னிரண்டாம் பிரிவில் நின்று நிதானியுங்கள். முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதியை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. நம் அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே அரசியலமைப்பின்கீழ் இயங்கும் ஆணைக்குழுதான் காதியாருக்கு நியமனக் கடிதம் கொடுக்கிறது. அவர் மௌலவியாக இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நன்னடத்தையும் தகுந்த தகைமையும் உள்ள முஸ்லிம் ஆணாக இருந்தால் போதும். அவர்முன் சட்டத்தரணி தோன்ற முடியாது என்கிறது 74 ஆம் பிரிவு. அவர் தீர்ப்பில் குறை கண்டால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு. அதற்குமேல் மேன்முறையீட்டு நீதிமன்றம். அங்கே ஒரு பௌத்த நீதியரசரோ கிறிஸ்தவ நீதியரசரோ ஷாபிஈ மத்ஹப் என்ற சட்டநெறியின் விதியைப் பொருள்கொண்டு தீர்ப்பு எழுதுவார்.

பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்து ஆட்சிமுறை பற்றி எழுதிய மாவர்தி, காதியை நியமிக்கும் அதிகாரம் ஆட்சியாளரிடமிருந்து எப்படி இறங்கி வருகிறது என்று விரிவாகவே வகுத்தார். அவர் மனத்தில் இருந்த ஆட்சியாளர் கலீபா. பக்கத்து மாலைதீவில் 1153 இலிருந்து முஸ்லிம் சுல்தான்கள் ஆண்டார்கள். இப்னு பதூதா அங்கே காதியாக இருந்துவிட்டு 1344 இல் இலங்கைக்கு வந்தார். அந்த நாட்டின் 2008 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி முஸ்லிம் அல்லாதவர் பிரசையாக முடியாது. கடல் ஒன்று, மத்ஹபும் ஒன்று. ஆனால் காதியை நியமிக்கும் கை வேறு. உங்கள் ஆய்வு தொடங்கவேண்டிய இடம் அந்தக் கைதான்.

2. சட்டம் வந்த வழியைப் பின்னோக்கி நடந்து பாருங்கள். 1951 க்கு முன் 1931 இல் மரணசாசனமின்றி இறந்தோரின் சொத்துரிமைக் கட்டளைச் சட்டம். 1929 இல் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதற்கும் முன்னே 1806 ஆம் ஆண்டின் முகம்மதியர் சட்டக்கோவை. ஒல்லாந்தர் பத்தாவியாவில் தொகுத்து வைத்திருந்ததை எடுத்து, கொழும்பு முஸ்லிம் பெரியவர்களிடம் காட்டிச் சரிபார்த்து ஆங்கிலேயர் பிரகடனம் செய்தது அது. முதலில் கொழும்பு மாகாணத்துக்கு மட்டும். 1852 இல் முழுத்தீவுக்கும். ஆக, இன்று மேடையில் ஒருவர் 'எங்கள் ஷரீஆ' என்றும் இன்னொருவர் 'அவர்களுடைய ஷரீஆ' என்றும் சொல்லும் பொருளில் யாவாவின் ஒல்லாந்த எழுத்தர்களும் புதுக்கடை ஆங்கில நீதவான்களும் கைவைத்திருக்கிறார்கள். நம் ஊர் வழக்கமும் உள்ளே இருக்கிறது. மாப்பிள்ளை மணமகளுக்குக் கொடுக்கவேண்டிய மஹரைப் போலவே, மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் கொடுத்த கைக்கூலியையும் மனைவி காதியிடம் திருப்பிக் கேட்கலாம். மஹர், பிக்ஹு எனும் மார்க்கச் சட்ட நூல்களில் இருப்பது. கைக்கூலி இந்த மண்ணில் முளைத்தது.

வாஇல் ஹல்லாக் 2013 இல் எழுதிய நூல் ஒன்று இங்கே உதவும். ஷரீஆ என்பது அறிஞர்கள் வளர்த்த நெறி, அதைப் பிரிவுகளும் அட்டவணைகளும் கொண்ட அரச சட்டமாக்கினால் அது வேறொன்றாகிவிடும் என்பது அவர் வாதம். எனக்குப் பெருமளவு உடன்பாடே. ஆனாலும் பழைய ஒழுங்கை நினைத்து அவர் விடும் பெருமூச்சு, தாபரிப்புப் பணத்துக்காகக் காதியின் வாசலில் குந்தியிருக்கும் பெண்ணுக்கு எதையும் தருவதில்லை.

3. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று. காதி நீதிமன்றத்தை நோக்கி விரல் நீட்டுமுன் உங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை 1707 இல் எழுத்தில் வைத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் பெயரிலேயே உள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வெள்ளவத்தை நொத்தாரிசுமாருக்கு இது அன்றாட வேலை. கண்டியச் சட்டம், தேசவழமை, முஸ்லிம் சட்டம் மூன்றுக்கும் தலைக்குமேல் ஒரே குடை: 1978 அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை. அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் அப்போது நடைமுறையிலிருந்த சட்டங்கள் செல்லும் என்கிறது அது. முஸ்லிம் பெண் ஒருத்தி 1951 ஆம் ஆண்டுச் சட்டம் சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று உயர் நீதிமன்றம் போனால் கதவை அடைப்பது குர்ஆன் வசனம் எதுவுமில்லை, இந்த உறுப்புரை.

4. 'முஸ்லிம்கள் தமிழர்களா?' என்ற பட்டிமன்றத்துக்குள் இறங்காதீர்கள். பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் மறுப்பு நூல் போட்டார். இடையே 1889 இல் சட்டநிருபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வந்துவிட்டது. வாதத்தின் அடியில் ஓடியது ஆசனக் கணக்கு. அதைக் கண்டுகொண்டால் போதும்.

5. தொப்பி வழக்கைத் தவறவிடாதீர்கள். என் வகுப்பில் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் பாடம் அது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷாவை நாடுகடத்தி 1883 இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் இருந்தார். 1892 இல் மருதானையில் ஸாஹிராப் பாடசாலை தொடங்கியபோது ஊக்கம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தலைமுறையின் கொழும்பு முஸ்லிம் கனவான் துருக்கித் தொப்பியைத் தன் அடையாளமாக்கிக்கொண்டான். 1905 இல் வழக்கறிஞர் அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு வாதாட எழுந்தபோது பிரதம நீதியரசர் லெயார்ட் இடம் கொடுக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடிற்று. மனுக்கள் போயின. கடைசியில் தொப்பிக்கு அனுமதி கிடைத்தது.

இதில் எத்தனை அடுக்கு இருக்கிறது, பாருங்கள். நீதிமன்றம் பிரித்தானிய மன்னருடையது. தொப்பி இஸ்தான்புல் சுல்தானின் நாட்டுடையது. கேட்கும் மனிதன் தமிழ் பேசும் இலங்கையன். ஒரு பேரரசின் குடியாக இருந்துகொண்டு இன்னொரு பேரரசின் சின்னத்தைத் தலையில் வைக்கும் உரிமையை மனுப் போட்டுக் கேட்கிறான். கிளர்ச்சி இல்லை, ஜிஹாத் பிரகடனம் இல்லை. சிறுபான்மையாக வாழும் முஸ்லிமின் அரசியல் சிந்தனை எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் குத்பின் நூலை எடுக்கமாட்டேன். இந்த மனுவைத்தான் எடுப்பேன்.

6. 'முஸ்லிம்கள் நினைக்கிறார்கள்' என்று எழுவாய் போட்டு ஒரு வாக்கியமும் எழுதாதீர்கள். 2012 குடிசன மதிப்பில் இஸ்லாமியர் 9.7 சதவீதம். அதற்குள் சோனகர், மலாயர், ஹனபி மத்ஹபைச் சேர்ந்த மேமன்கள், பம்பலப்பிட்டியில் தங்கள் பள்ளிவாசலோடு இருக்கும் ஷீஆப் பிரிவினரான போராக்கள். சோனகருக்குள் தரீக்காக்காரர், தப்லீக், 1954 இல் தொடங்கிய ஜமாஅத்தே இஸ்லாமி, தௌஹீத். கிழக்கே போனால் தாய்வழிக் குடிமுறை; வீடு பெண்ணின் பெயரில் இருக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிகளுக்கு இடம் இருக்கும். அதை எந்த அரபு நூலில் தேடுவீர்கள்?

மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா தோன்றியது 1924 இல். துருக்கியில் கிலாபத் ஒழிக்கப்பட்டதும் அந்த ஆண்டு மார்ச்சில்தான். ஆண்டு ஒன்றுபடுவதால் ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள், ஆதாரம் வேண்டும். அடுத்த ஆண்டே கெய்ரோவில் அலி அப்துர் ராஸிக், நபியின் பணி அரசு அமைப்பதாக இருக்கவில்லை என்று நூல் எழுதி அல்-அஸ்ஹரால் விலக்கப்பட்டார். ஆட்சியைப் பற்றி இஸ்லாத்துக்குள் ஒரே குரல் இருந்த காலம் எது என்று கேட்டால் நானும் சொல்லமாட்டேன். நம் ஜம்இய்யாவுக்குச் சட்ட உரு கொடுத்தது 2000 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கப் பாராளுமன்றச் சட்டம். பள்ளிவாசல்களின் நம்பிக்கையாளர்களை நியமிப்பது 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வக்பு சபை. அரச முத்திரை எங்கெல்லாம் குத்தியிருக்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள்.

7. கட்சி அரசியலுக்கு அதிகப் பக்கம் ஒதுக்கவேண்டாம். எம்.எச்.எம். அஷ்ரஃப் 1981 இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். 2000 செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். அவருடைய ஆழமான பாதிப்பை மேடைப் பேச்சில் தேடாமல் 1988 ஆம் ஆண்டின் 15 ஆம் திருத்தத்தில் தேடுங்கள். தேர்தலில் ஆசனம் பெறுவதற்கான மாவட்ட வெட்டுப்புள்ளி 12.5 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சின்னக் கட்சிகள் பேரம் பேசும் அரசியல் அதற்குப் பிறகுதான் வேரூன்றிற்று.

8. 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சீர்திருத்தும் விவகாரத்துக்கு வந்தால் பொறுமை வேண்டும். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் குழு அமைத்தார்கள். அறிக்கை கையளித்தது 2018 ஜனவரியில். இத்தனை காலம் இருந்தும் குழு இரண்டு அணியாகப் பிரிந்து இரண்டு விதமான பரிந்துரை கொடுத்தது. திருமண வயது 18, மணமகளின் கையொப்பம், பெண்ணையும் காதியாக நியமித்தல் என்று ஒரு தரப்பு. இவற்றில் பலவற்றை மறுதரப்பு ஏற்கவில்லை. 1951 ஆம் ஆண்டுச் சட்டமோ, பன்னிரண்டு வயதாகாத சிறுமியின் திருமணத்தைக்கூட காதியின் அனுமதியோடு பதியலாம் என்று எழுதி வைத்திருந்தது.

பத்திரிகைகள் இதை மதவாதிகளுக்கும் நவீனவாதிகளுக்கும் நடந்த சண்டையாக எழுதின. அறிக்கையை வாசித்தால் இரு தரப்பும் பிக்ஹிலிருந்தே வாதம் எடுப்பது தெரியும். பெண் நீதிபதியாகலாமா என்பதில் இமாம்கள் ஆதியிலிருந்தே வேறுபட்டார்கள். நம் சோனகரைப்போல ஷாபிஈ மத்ஹபினரான மலேசியர் 2010 இல் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண்களை நியமித்தார்கள். இந்தோனேசியர் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவர்கள். ஆகவே 'மார்க்கம் இடம் கொடுக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டில், யார் ஆட்சியில் என்று மரியாதையாகக் கேளுங்கள். என் கணிப்பு இது: ஒவ்வோர் அரசாங்கமும் முஸ்லிம் வாக்கைக் கணக்குப் பார்த்து 'அவர்களே தீர்க்கட்டும்' என்று கையைக் கழுவியது. தலைவர்களும் பேரினவாதம் வாசலில் நிற்கையில் உள்வீட்டுக் குறையைப் பேசக்கூடாது என்றார்கள். எண்பதுகளிலிருந்து இதைப் பேசிவந்த முஸ்லிம் பெண்கள் இரண்டு பக்கத்தாலும் ஏச்சு வாங்கினார்கள். அவர்களுடைய எழுத்தை வாசிக்காமல் இந்தப் பகுதியை எழுதவேண்டாம்.

9. கொச்சிக்கடை. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21 அந்தோனியார் கோவிலில் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்பை அறிவீர்கள். எழுதும்போது இரண்டு விடயங்களைச் சேர்த்து எழுதுங்கள். அதைச் செய்த ஸஹ்ரானின் கும்பல் முதலில் கைவைத்தது காத்தான்குடியின் சூபி முஸ்லிம்கள்மேல். 2017 மார்ச்சில் மோதல் நடந்தது, முஸ்லிம்களே முறையிட்டார்கள். புலனாய்வு எச்சரிக்கை கையிலிருந்தும் அரசு தவறியது என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவை 10 கோடி ரூபா கட்டச் சொன்னது. சித்தாந்தத்தை ஆராயுங்கள், கட்டாயம் ஆராயுங்கள். ஆனால் அதை மட்டும் ஆராய்ந்தால் கோப்பு மேசையில் தூங்கிய கதை விடுபட்டுவிடும்.

10. 2020 இல் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் ஏறக்குறைய ஒரு வருடம் ஜனாஸாக்கள் எரிந்தன. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் புதைக்கவிட்டார்கள்; 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அரசுக்கும் சமயத்துக்கும் எல்லை எங்கே என்ற கேள்விக்கு இதைவிடக் கொடிய பாடம் நம் நாட்டில் எனக்குத் தெரியாது. எதிர்ப்பைக் காட்டக் கபன் துணிக் கீற்றைப் பொரளை கனத்தை மயான வேலியில் கட்டியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள்.

11. காதி நீதிமன்றம் நடக்கும் இடத்துக்கு ஒருநாள் போங்கள். பாடசாலை அறையாக இருக்கும், பள்ளிவாசல் மண்டபமாக இருக்கும், சில இடங்களில் காதியாரின் வீட்டு முன்றல். முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அவரை ஹஸ்ரத் என்பதா, சேர் என்பதா என்று அங்கிருப்பவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்காளிகளின் பெயரைக் குறிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். பெண்களிடம் பேசுவதானால் தங்கச்சிமார் போகட்டும். தம்பிமார் வெளியே நிற்கலாம்.

12. தமிழிலேயே ஆதாரம் இருக்கிறது. சித்திலெப்பை 1882 இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்', 1885 இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' இரண்டையும் தேடிப் பிடியுங்கள். ஐம்பத்தேழாம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. பலவற்றை 'நூலகம்' இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே வாசிக்கலாம். 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதி என்னிடம் உண்டு. அதை வாசித்துவிட்டு வந்தால் மௌதூதியைப் பற்றிப் பேசலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்குப் பிறகு வாருங்கள்.