'ஃபர்ம்' என்றால் கம்பெனி மட்டும்தானா?



போன வாரம் ஆங்கில வகுப்பில் டீச்சர் 'மை மதர் இஸ் ஃபர்ம்' என்று போர்டில் எழுதி, தமிழில் சொல்லச் சொன்னாங்க. நான் அவசரமாக எழுந்து, "என் அம்மா ஒரு கம்பெனி" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "கம்பெனி என்றால் முன்னால் 'எ' வந்திருக்கணுமே? இங்கே இது பெயரடை. டிக்ஷனரியைப் பாரு" என்றாங்க. பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. கெட்டியான: அமுக்கினால் குழையாத தக்காளி 'ஃபர்ம்'. குழைந்தால் 'சாஃப்ட்'. கல்லு மாதிரி இருந்தால் 'ஹார்ட்'.

2. இறுக்கமான: கிணற்றுக் கயிற்றை நழுவவிடாமல் பிடிப்பது 'ஃபர்ம் கிரிப்'.

3. மாறாத: 'ஃபர்ம் டிசிஷன்' என்றால் உறுதியான முடிவு. 'ஃபர்ம் டேட்' என்றால் இனி மாற்றாத தேதி.

4. கண்டிப்பான: கத்தாமல், அடிக்காமல், சொன்ன சொல்லில் நிற்பவரையும் 'ஃபர்ம்' என்பார்கள். யார் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கேட்காமல் வீண் அடம் பிடித்தால் அது 'ஸ்டபர்ன்'. இரண்டும் ஒன்றில்லை.

இந்தச் சொல் 'ஃபிர்முஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டிக்கெட் 'கன்ஃபர்ம்' ஆயிடுச்சு என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான். கம்பெனியைக் குறிக்கும் 'ஃபர்ம்' கூட இதற்குச் சொந்தம்தான். இத்தாலி மொழியில் 'ஃபிர்மா' என்றால் கையெழுத்து. கையெழுத்துப் போட்டுத்தானே எதையும் உறுதி செய்கிறோம்!

சொல்லும்போது கவனம். 'ஃபார்ம்' என்று இழுத்தால் பண்ணை ஆகிவிடும்.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். "பொம்பளப் புள்ளதானே, பத்தாவதோட நிறுத்திடலாம்" என்றார். எனக்குப் பகீரென்றது. அம்மா அவருக்கு டீ கொடுத்துவிட்டு, "இல்லைங்க மாமா, அவ பன்னெண்டாவது முடிச்சு காலேஜும் போவா" என்றாங்க. பெரியப்பா மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்று தடவையும் அம்மா அதே பதிலைச் சொன்னாங்க. குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. கோபமும் இல்லை. பெரியப்பா டீயைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

டிக்ஷனரியில் படித்த நாலாவது அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. டீச்சர், இதோ சரியான விடை: என் அம்மா உறுதியானவர்.

படித்த எல்லோரும் 'ஃபர்ம்' வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதிப் பாருங்க. ஆனா கம்பெனி வேண்டாம்!



ஒன்பதாம் வகுப்பு மாணவி