பயணிகளின் கனிவான கவனத்திற்கு
(இரயில் நிலையத்தில் சேவைக் குழுத் தலைமை: ஓர் ஆய்வு)

மூன்றாமாண்டு, வணிகவியல்

முன்னுரை

அணுபுரத்தில் இரயில் நிலையம் இல்லை. கல்பாக்கத்திலும் இல்லை, மாமல்லபுரத்திலும் இல்லை. கடற்கரையோரமாக ஓர் இருப்புப்பாதை அமையும் என்ற பேச்சு நெடுங்காலமாக இருந்து வருகிறது; பாதைதான் வந்தபாடில்லை. ஆகவே, அணுசக்தித் துறையின் குடியிருப்பாகிய எங்கள் ஊரில் வாழும் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் வடநாட்டவரும் சொந்த ஊருக்கு இரயிலேற வேண்டுமானால், திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கற்பட்டுச் சந்திப்புக்கு வருகின்றனர். மாமல்லபுரச் சிற்பங்களைக் காண இரயிலில் வருவோர் சிலரும் அங்கே இறங்குகின்றனர்.

எங்கள் வகுப்பில் மேலாண்மைப் பாடம் உண்டு. தலைமை, குழு, பணிப் பகிர்வு, தகவல் தொடர்பு என்று தனித்தனித் தலைப்புகளில் படிக்கிறோம். பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் தொழிற்சாலைகளைப் பற்றியவை. நம்மில் பலர் நாள்தோறும் காணும் இரயில் நிலையத்தை வைத்தே இப்பாடத்தைப் பயின்றால் என்ன என்று எண்ணினேன். நிலையத்தில் பயணிகளுக்குச் சேவை புரியும் குழுவை நடத்துபவர் யார்? அவருடைய வேலை யாது? அவ்வேலை செவ்வனே நடைபெறாவிடில் இழப்பு யாருக்கு? இம்மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயக்கமும் வணிகமும்

தென்னிந்தியாவில் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்நாள் முதல் நிலையம் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுபவர் ஸ்டேஷன் மாஸ்டர். பயணச்சீட்டு, மூட்டை, புகார் எல்லாம் அவர் பொறுப்பு என்றே பொதுமக்கள் கருதுகின்றனர். சிறிய நிலையங்களில் அது ஓரளவு உண்மை. ஆனால் அவருடைய முதற்கடமை வேறு. அடுத்த நிலையத்திலிருந்து வரும் வண்டிக்குப் பாதை ஒழிந்திருக்கிறதா என்று உறுதி செய்வது, கைகாட்டி விளக்குகளை உரியபடி அமைப்பது, ஒரே பாதையில் இரு வண்டிகள் எதிர்ப்படாமல் காப்பது ஆகியவை அவர் கையில் உள்ளன. இது இயக்கப் பிரிவு. இங்கே ஒரு நொடிக் கவனக்குறைவு நூற்றுக்கணக்கான உயிர்களுக்குக் கேடு.

பயணச்சீட்டு வழங்குதல், முன்பதிவு, பரிசோதனை, பார்சல், விசாரணை, கட்டணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவை வணிகப் பிரிவைச் சேர்ந்தவை. இவற்றைச் செய்யும் எழுத்தர்களையும் பரிசோதகர்களையும் மேற்பார்வையிடுவோர் வணிக மேற்பார்வையாளர்கள். சென்னை சென்ட்ரல் போன்ற பெரிய நிலையங்களில் வணிகத்துக்கெனவே ஒரு துணை நிலைய மேலாளர் நடைமேடையருகே அமர்ந்திருப்பதைக் காணலாம்.

இப்பிரிவினை ஏன் தேவைப்பட்டது என்பது சிந்தித்தற்குரியது. பயணி ஒருவர் சன்னலருகே நின்று, “ஐயா, வண்டி எப்போது வரும்?” என்று கேட்கிறார். அதே வேளையில் அடுத்த நிலையத்திலிருந்து தொலைபேசி ஒலிக்கிறது. ஒருவரே இரண்டுக்கும் விடை கூற நேர்ந்தால், எதை முதலில் கவனிப்பார்? கவனிக்க வேண்டியது தொலைபேசியைத்தான். அப்போது பயணி புறக்கணிக்கப்பட்டதாக வருந்துவார். ஆகவே பயணிக்கு விடை சொல்வதையே முழு வேலையாகக் கொண்ட ஒருவர் இருப்பது பயணிக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது.

சேவை என்பது யாது?

இன்சொல் பேசுவதும் புன்முறுவல் காட்டுவதுமே சேவை என்று பலர் எண்ணுகின்றனர். வள்ளுவப் பெருந்தகை இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதன் அருமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் நிலையத்தில் நின்று பார்க்கும்போது, பயணி முதலில் வேண்டுவது சரியான செய்தி. அது உரிய நேரத்தில் வேண்டும். அவருக்கு விளங்கும் மொழியில் வேண்டும். இவை இருந்தால் சற்றுக் கடுமையான குரலையும் அவர் பொறுத்துக்கொள்வார். இவை இல்லையெனில் இனிமையான குரலால் என்ன பயன்?

1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் 49ஆம் பிரிவில் இதற்கு இடம் தந்துள்ளது. வண்டிகள் வந்து புறப்படும் நேரங்களையும் கட்டண விவரங்களையும் ஒவ்வொரு நிலையத்திலும் எளிதில் காணக்கூடிய இடத்தில், இந்தி, ஆங்கிலம், அவ்வட்டார மொழி ஆகியவற்றில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது விதி. செய்தி அறிவிப்பது நிர்வாகம் காட்டும் கருணை அன்று, கடமை என்பது இதனால் பெறப்படும். ஆனால் தாளில் ஒட்டிய செய்தி வண்டிகள் நேரப்படி ஓடும்வரைதான் பயன்படும். வண்டி தாமதமானால், நடைமேடை மாறினால், அங்கே மனிதர் ஒருவர் வாய் திறந்தாக வேண்டும். குழுத் தலைவரின் உண்மையான வேலை அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது.

மௌனத்தின் விலை

சென்ற ஆண்டு பருவத் தேர்வின்போது நிகழ்ந்ததைக் கூறுகிறேன். நம் கல்லூரிக்கு மின்சார இரயிலில் வரும் மாணவ மாணவியர் சிலர் வழியில் ஒரு நிலையத்தில் காத்திருந்தனர். வண்டி வரவில்லை. ஒலிபெருக்கி நாற்பது நிமிடங்கள் வாய் திறக்கவில்லை. எழுத்தரைக் கேட்டவர்களுக்கு, “வரும், வரும்” என்ற விடைதான் கிடைத்தது. பாதையில் பழுது, ஒரு மணி நேரம் ஆகும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், அருகிலுள்ள பெருஞ்சாலைக்குச் சென்று பேருந்தில் ஏறியிருப்பார்கள். பலர் ஓடி வந்து எப்படியோ தேர்வெழுதினர். என் வகுப்புத் தோழி ஒருத்தி அரைமணி நேரம் கடந்தபின் வந்ததால் தேர்வறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. அந்தத் தாளை அவள் அடுத்த பருவத்தில்தான் எழுத முடிந்தது. அதற்குள் அவள் விண்ணப்பிக்க எண்ணியிருந்த மேற்படிப்பின் காலக்கெடு முடிந்துவிட்டது.

பாதை பழுதானதற்கு அந்நிலைய ஊழியர் எவரும் பொறுப்பல்லர். அதைச் சீர்செய்வதும் அவர்கள் வேலையன்று. சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம் சொல்லப்படவில்லை என்பதே குறை. அவ்வாக்கியத்தைச் சொல்லும் பொறுப்பு இன்னாருடையது என்று குழுவில் முன்னரே வகுக்கப்பட்டிருக்க வேண்டும்.

தாமதமும் கூட்டமும் உயிரையே கொள்ளும் என்பதற்கு நம் தடத்திலேயே சான்று உண்டு. 2018 ஜூலை 24 காலை, மின்கம்பி அறுந்து புறநகர் வண்டிகள் தடைப்பட்டிருந்தன. சென்னைக் கடற்கரையிலிருந்து திருமால்பூர் செல்லும் வண்டி, விரைவு வண்டிகளுக்குரிய பாதையில் நெரிசலோடு சென்றது. பரங்கிமலை நிலையத்தில் படியில் தொங்கிச் சென்றவர்கள் பாதையோரச் சுவரில் மோதி வீழ்ந்தனர், உயிர்கள் பறிபோயின. செங்கற்பட்டைக் கடந்து செல்லும் வண்டி அது. நம்மவர் நாள்தோறும் ஏறும் வண்டி.

2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளாவுக்காகப் பிரயாக்ராஜ் செல்லத் திரண்ட கூட்டம் புது தில்லி நிலையத்தில் நெரிசலில் சிக்கி 18 பேர் மாண்டனர். ஏறத்தாழ ஒரே பெயருடைய இரு வண்டிகளைப் பற்றிய அறிவிப்பு குழப்பத்தை உண்டாக்கியதாக அப்போது செய்திகள் வந்தன. படிக்கட்டில் ஒருவர் தலைச்சுமை விழுந்ததே தொடக்கம் என்று பின்னர் அரசுத் தரப்பில் கூறப்பட்டது. காரணம் எதுவாயினும், திரண்ட கூட்டத்தை நெறிப்படுத்துவது நிலையப் பணியின் உயிர்நாடி என்பதில் ஐயமில்லை.

பிற நாட்டு முறை ஒன்றையும் இங்கே ஒப்பு நோக்கலாம். ஜப்பான் நாட்டில் வண்டி தாமதமானால், அதற்குச் சான்றாக ஒரு சிறு சீட்டை நிலைய ஊழியர் பயணிகளுக்குத் தருகின்றனர். அதை மாணவர் பள்ளியிலும், ஊழியர் அலுவலகத்திலும் காட்டுகின்றனர். சீட்டு வண்டியை விரைவாகக் கொண்டுவராது. ஆனால் தாமதத்தின் பழி பயணியின் தலையில் விழாமல் தடுக்கிறது. என் தோழியிடம் அத்தகைய சீட்டு ஒன்று இருந்திருந்தால், கல்லூரியிடமோ பல்கலைக்கழகத்திடமோ முறையிட ஓர் ஆதாரமாவது இருந்திருக்கும்.

விதியும் விவேகமும்

குழுத் தலைவர் சந்திக்கும் அடுத்த சிக்கல், விதியைச் செயற்படுத்துவது. சீட்டின்றிப் பயணம் செய்பவரிடம் கட்டணத்தோடு கூடுதல் தொகையும் பெற வேண்டும். அத்தொகை 250 ரூபாய்க்குக் குறையாது. கட்ட மறுப்பவரை வண்டியிலிருந்து இறக்கவும் அதிகாரம் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 139ஆம் பிரிவு ஓர் எல்லை வகுக்கிறது. ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ வழியில் எங்கு வேண்டுமானாலும் இறக்கிவிடக் கூடாது. பயணம் தொடங்கிய நிலையம், சந்திப்பு, வண்டி முடிவுறும் நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகியவற்றுள் ஒன்றில், அதுவும் பகற்பொழுதில் மட்டுமே இறக்கலாம்.

செங்கற்பட்டு நெடுங்காலமாகச் சந்திப்பு. அரக்கோணம் பாதை இங்கேதான் பிரிகிறது. 2019 நவம்பர் 29 முதல் மாவட்டத் தலைநகரும் ஆயிற்று. ஆகவே, இவ்விதியின்படி பெண்களை இறக்கக்கூடிய நிலையங்களுள் நம் நிலையமும் ஒன்று. அப்படி இறக்கப்படும் ஒருத்தி எங்கே செல்வாள், யாரிடம் பேசுவாள், அடுத்து என்ன செய்வாள் என்பது சட்டத்தில் எழுதப்படவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் அன்று பணியிலிருக்கும் மேற்பார்வையாளர். விதியை அறியாத தலைவர் தவறு செய்வார். விதியை மட்டுமே அறிந்த தலைவரோ தவறு செய்யாமலேயே தீங்கு செய்துவிடக்கூடும்.

பயணியின் உரிமைகளையும் குழு அறிந்திருத்தல் வேண்டும். முன்பதிவு செய்த வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டு, வண்டி புறப்படுமுன் உரியவாறு கோரி, முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். இதை அறியாமல் பணத்தை இழப்பவர் பலர். கேட்டவருக்கு மட்டும் சொல்வது எழுத்தர் வேலை. கேட்கத் தெரியாதவருக்கும் சொல்ல ஏற்பாடு செய்வது தலைவர் வேலை.

குழுவை நடத்தும் முறை

நிலையம் உறங்குவதில்லை, ஊழியர்கள் முறை வைத்து வேலை செய்கின்றனர். இரவு முறை முடிந்து செல்பவர், காலை முறைக்கு வருபவரிடம் எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும்? பணப்பெட்டியையும் சீட்டுக் கணக்கையும் தவறாமல் ஒப்படைக்கின்றனர். கழிப்பறைப் பூட்டின் சாவி யாரிடம், சக்கர நாற்காலி எங்கே, எந்தக் குடிநீர்க் குழாய் பழுது என்பனவற்றையும் அதே கண்டிப்போடு ஒப்படைத்தால் எவ்வளவோ தொல்லை குறையும். கடற்கரை நிலையத்திலிருந்து செங்கற்பட்டு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மின்சார இரயிலில் கழிப்பறை கிடையாது. இரண்டு மணி நேரம் பயணம் செய்து இறங்கும் ஒரு மூதாட்டிக்கு நிலையக் கழிப்பறை பூட்டிக் கிடந்தால், மற்ற அலங்காரங்களால் அவருக்கு ஆவதென்ன?

தெரிந்து வினையாடல் என்னும் குறள் அதிகாரத்தின் சாரம் இங்கே பொருந்தும். இந்தி அறிந்த எழுத்தரை விசாரணையில் அமர்த்துவதும், பொறுமை மிக்கவரைப் பண்டிகை நாளில் வாயிலருகே நிறுத்துவதும் தலைவரின் திறம். கூட்டம் ஓர் எழுத்தரைச் சூழ்ந்து ஏசும்போது தலைவர் தம் அறையை விட்டு வெளியே வர வேண்டும். நான் வேறொரு நிலையத்தில் கண்ட மேற்பார்வையாளர் அம்மையார் ஒருவர், கையொலிபெருக்கியோடு நடைமேடை நடுவில் வந்து நின்று மூன்றே செய்திகள் சொன்னார்: நடந்தது இது, எப்போது சரியாகும் என்பது இன்னும் தெரியாது, பத்து நிமிடத்தில் மீண்டும் வந்து சொல்கிறேன். பத்தாவது நிமிடத்தில் வரவும் செய்தார். புதிய செய்தி ஒன்றும் இல்லை, அதையும் சொன்னார். கூட்டம் அமைதியாயிற்று. தலைமைப் பண்பு பற்றிப் பாடநூலில் நான் படித்த பல பக்கங்களும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

நமக்குள்ள வாய்ப்பு

இது நமக்கு எட்டாத பணியன்று. 2024 செப்டம்பரில் இரயில்வே தேர்வு வாரியங்கள் பட்டதாரிகளுக்கென அறிவித்த 8,113 இடங்களுள், தலைமை வணிக மற்றும் பயணச்சீட்டு மேற்பார்வையாளர் பதவிக்கு மட்டும் 1,736 இடங்கள் இருந்தன; ஸ்டேஷன் மாஸ்டர் பதவிக்கு 994. இரண்டுக்கும் தொடக்க அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். கணக்கு, பொது அறிவு, பகுத்தாராயும் திறன் ஆகியவற்றைத் தேர்வு சோதிக்கிறது. ஆனால் மக்கள் முன் நின்று உண்மையைச் சொல்லும் துணிவை எந்தத் தேர்வுத் தாளும் சோதிப்பதில்லை. அதை நாமே பயின்று கொள்ள வேண்டும்.

முடிவுரை

1917இல் அண்ணல் காந்தியடிகள் மூன்றாம் வகுப்புப் பயணிகளின் இன்னல்களை விவரித்து எழுதினார். அதன்பின் மூன்றாம் வகுப்பு மறைந்தது. கணினி முன்பதிவு வந்தது. கைபேசியிலேயே சீட்டும் கிடைக்கிறது. 139 என்ற எண்ணில் உதவியும் கேட்கலாம். இத்தனை வந்தபின்னும், கைபேசி இல்லாதவர், எழுத்தறியாதவர், மொழி புரியாதவர், உடல் தளர்ந்தவர் ஆகியோர் நடைமேடையில் நின்று ஒரு மனித முகத்தைத்தான் தேடுகின்றனர்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஒலிபெருக்கி நம்மிடம் கனிவான கவனத்தை வேண்டுகிறது. நாமும் அவ்வாறே கவனிக்கிறோம். அதே கனிவும் கவனமும் பயணிகள்பால் திரும்பி வரச் செய்வதே சேவைக் குழுத் தலைவரின் கடமை. பட்டம் பெற்று வெளியேறும் நம்மில் சிலராவது அந்த நாற்காலியில் அமரக்கூடும். அப்போது ஒலிபெருக்கி நாற்பது நிமிடம் மௌனமாயிருக்க விடாதிருப்போமாக.