பழங்கணிப்பொறியும் அதன் திறவுகோலும்

கோவை பொறிகளைப் போற்றும் நகரம். ஜி. டி. நாயுடு (1893–1974) திரட்டிய பொறிகளும் கருவிகளும் அவர்தம் பெயரால் அமைந்த காட்சிச்சாலையில் உள்ளன. 2015-இல் அவினாசி சாலையில் பழைய மகிழுந்துகளுக்கெனத் தனிக் காட்சிச்சாலையும் திறக்கப்பெற்றது. இத்தகைய நகரில், ஓய்வுபெற்ற கணிப்பொறியை எடைக்குப் போடாமல் காட்சிச்சாலைக்கு வழங்க விரும்புதல் இயல்பே. ஆயின், எதனை வழங்குதல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

மகிழுந்து ஓடாது நின்றாலும் மகிழுந்தே. மென்பொருள் இல்லாத கணிப்பொறியோ வெறும் பெட்டி. தமிழைப் பொறுத்தவரை இக்குறை மேலும் பெரிது. ஈரோட்டை அடுத்த அறச்சலூர்க் குகையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. பல நூற்றாண்டுகள் கடந்தும் அதன் எழுத்துகள் கண்ணுக்குப் புலனாகின்றன. ஆதலின் அறிஞர் அவற்றைப் படித்தறிந்தனர். நெகிழ்வட்டில் எழுத்து இல்லை, எண்களே உண்டு. எந்த எண்ணுக்கு எந்தத் தமிழெழுத்து என்பதை அந்நாளில் எழுத்துரு செய்தோர் தத்தம் போக்கில் வகுத்தனர். ஒன்றில் ‘க’ என நின்ற எண் மற்றொன்றில் வேறோர் எழுத்தாயிற்று.

1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாடு இதனைச் சீர்செய்ய முனைந்தது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்த 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் ‘க’ எங்கும் 2965 என்னும் எண்ணே.

யாம் ஆய்வு மாணவராய் இருந்தபோது கொங்குச் சிற்றூர்களில் திரட்டிய நடவுப் பாடல்களை ஒரு நெகிழ்வட்டில் பதிவித்தோம். அண்மையில் அதனைத் திறந்தபோது ஒரு சொல்லும் தமிழாய் இல்லை. வட்டு பழுதுறவில்லை, எழுத்துருவைத்தான் யாம் பேணவில்லை. அதன் பெயரும் நினைவில் இல்லை. ஆய்வேட்டில் அச்சேறிய பாடல்கள் பிழைத்தன. ஏனையவற்றைப் பாடிய மூதாட்டியரை மீண்டும் கேட்கலாம் என்றால், அவருள் பலர் இன்று இல்லை.

ஆதலின், கணிப்பொறியை வழங்குவோர் அதனோடு மென்பொருள் வட்டுகள், எழுத்துரு, விசைப்பலகை அட்டவணை, கையேடு ஆகியவற்றையும் வழங்குதல் வேண்டும். அதனை யார், எதற்குப் பயன்படுத்தினர் என்னும் குறிப்பும் உடன் இருத்தல் நன்று. அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணிப்பொறி வரலாற்றுக் காட்சிச்சாலை, எம்.எஸ்.-டாஸ் மென்பொருளின் மூலநிரலை 2014-இல் வெளியிட்டது. பெட்டியினும் மூலநிரலே ஆய்வாளர்க்குப் பெரும்பயன் தருவது.

காட்சிச்சாலையும் நிலையானதன்று. சியாட்டில் நகரில் பழங்கணிப்பொறிகளை இயங்கும் நிலையிலேயே வைத்திருந்த காட்சிச்சாலை 2020-இல் மூடப்பட்டது. 2024-இல் அதன் பொருள்கள் பல ஏலத்திற்கு வந்தன. ஆகவே, வழங்குமுன் உள்ளடக்கத்தை ஒருங்குறிக்கு மாற்றிப் படியெடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் கடன்.

ஏடு தேடி ஊரூராய் அலைந்தோரால் நம் இலக்கியம் பிழைத்தது. நம் மாணாக்கர் தேடவேண்டிய ஏடுகள் இன்று அவரவர் வீட்டுப் பரணில் நெகிழ்வட்டுகளாய் உள்ளன. திறவுகோல் அறிந்தோர் வாழும் நாளிலேயே அவற்றைத் திறந்து பார்ப்போமாக.