இலை பொதிந்த மெழுகுவர்த்தி

உத்தராகண்ட் மாநிலத்தின் ஏரிநகரமாகிய நைனிதால், அழகிய மெழுகுவர்த்திகளுக்குப் பெயர்பெற்றது. பழமாகவும் மலராகவும் வார்க்கப்பட்ட மெழுகுவர்த்திகளை அவ்வூர்க் கடைத்தெருவில் காணலாம். அத்துணை நுட்பம் நமக்குக் கைவராவிடினும், உலர்ந்த இலைகளையும் இதழ்களையும் பதித்த மெழுகுவர்த்தி ஒன்றை நம் வீட்டிலேயே செய்யலாம். எனினும், தொடங்குமுன் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். மெழுகில் ஊறிய உலர்ந்த இலை வெறும் அணியன்று. அது மற்றொரு திரியாகவும் ஆகக்கூடும்.

அஃது எவ்வாறு? மெழுகுவர்த்தியில் பெரிதும் எரிவது திரியன்று, மெழுகே. சுடரின் வெப்பத்தால் உருகிய மெழுகு, திரியின் நூலிழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக மேலேறி, ஆவியாகி எரிகின்றது. இதனை நுண்புழை ஏற்றம் என்பர். இலண்டன் ராயல் நிறுவனத்தில் இளைஞர்களுக்காக மைக்கேல் ஃபாரடே ஆற்றிய சொற்பொழிவுகள், 1861ஆம் ஆண்டு ‘ஒரு மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு’ என்னும் நூலாக வெளிவந்தன. அவற்றில் அவர் ஒரு தட்டில் உப்புத்தூணை நிறுத்தி, நிறமூட்டிய உப்புக்கரைசலை அடியில் ஊற்றினார். கரைசல் தானே தூணில் ஏறுவதைக் காட்டி, தட்டை மெழுகுவர்த்தியாகவும் தூணைத் திரியாகவும் எண்ணிக்கொள்ளச் சொன்னார். உலர்ந்த இலைக்காம்பும் அவ்வாறே மெழுகை உறிஞ்சும். அது சுடருக்கு அருகில் இருப்பின் தானும் பற்றிக்கொள்ளும். ஒரு சுடர் இரண்டாகும். ஆகவே இலைகளும் மலர்களும் மெழுகுவர்த்தியின் வெளிப்புறத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும். மேற்பரப்பில் இதழ்களைத் தூவி அழகுபடுத்தும் வழக்கம் கண்ணுக்கு இனியதே. ஆயினும் அதனை ஏற்றிவைத்தல் தகாது.

இனி, இலைகளைத் தேர்வோம். பெரணி, வேப்பிலை, காகிதப்பூ ஆகியன ஏற்றவை. (காகிதப்பூவில் நாம் இதழெனக் கருதும் வண்ணப்பகுதி உண்மையில் இதழன்று, பூவைச் சூழ்ந்துள்ள ஒருவகை இலையே.) மல்லிகை போன்ற நீர்ப்பசை மிக்க மலர்கள் பழுப்பேறிவிடும். இலைகளைத் தாள்களுக்கிடையே வைத்து, கனத்த நூலொன்றின் அடியில் இரண்டு வாரம் அழுத்தி உலர்த்துக.

மெழுகை உருக்குவதே இவ்வேலையில் மிகுந்த விழிப்பைக் கோருவது. பெரியவர் ஒருவர் உடனிருக்கவேண்டும். மெழுகுப் பாத்திரத்தை அடுப்பின்மீது நேரே வைத்தலாகாது. அகன்ற பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, அந்நீரினுள் மெழுகிட்ட சிறு பாத்திரத்தை வைக்கவேண்டும். பாரஃபின் மெழுகு ஏறக்குறைய 50 முதல் 65 டிகிரி செல்சியசில் உருகிவிடும். கொதிநீரின் வெப்பநிலையோ 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. எனவே, நீர் வற்றாதவரை மெழுகு தீப்பற்றும் அளவுக்குச் சூடேறாது. நீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருப்பது இதனாலேயே. ஒருவேளை மெழுகு தீப்பற்றினால் அதன்மேல் நீரை ஊற்றவே கூடாது. நீர் மெழுகின் அடியில் இறங்கி, கணத்தில் ஆவியாகி, எரியும் மெழுகை நாற்புறமும் வாரி இறைத்துவிடும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுவதே முறை. எஞ்சிய மெழுகைக் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள். குழாயினுள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கடையில் வாங்கிய வெண்ணிற மெழுகுவர்த்தியே நம் தேவைக்குப் போதும். ஆனால் அது பருமனாக இருக்கவேண்டும். 7 அல்லது 8 சென்டிமீட்டர் குறுக்களவும் மெல்லிய திரியும் உடையது நன்று. நடுவிலுள்ள மெழுகு உருகினாலும் வெளிச்சுவர் நிற்கும். இலையை அதன் பக்கத்தில் பொருத்தி, வெந்நீரில் சூடாக்கித் துடைத்த கரண்டியின் பின்புறத்தால் மெல்லத் தேய்த்தால், மெழுகு சற்றே இளகி இலை ஒட்டிக்கொள்ளும். பின்னர் உருகிய மெழுகில் அதனை ஓரிரு நொடிகள் அமிழ்த்தி எடுக்கவேண்டும். மெல்லிய மெழுகுப்படலம் இலையைப் போர்த்திக்கொள்ளும். நீண்டநேரம் அமிழ்த்தினால் படலம் தடிப்பதற்கு மாறாக, ஒட்டிய மெழுகும் இளகி இலை நழுவும். முதல் முயற்சியில் பலருக்கும் நேர்வது இதுதான்.

மெழுகுவர்த்தியைத் தட்டின்மீது வைத்து, திரைச்சீலைக்கு அப்பால் ஏற்றுங்கள். உருகிய மெழுகு விளிம்பிலுள்ள இலைகளை நெருங்குமாயின் உடனே அணைத்துவிடுங்கள்.

பயிற்சி

1. இலைகளை மெழுகுவர்த்தியின் வெளிப்புறத்தில் மட்டும் பதிப்பது ஏன்?
2. மெழுகைக் கொதிநீரினுள் வைத்து உருக்குவதால் விளையும் நன்மை யாது?
3. பிரித்து எழுதுக: மற்றொரு, இலைக்காம்பு, வெந்நீர், வெண்ணிறம்.
4. உங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள மூன்று செடிகளின் இலைகளை உலர்த்தி, எவ்விலை நிறம் மாறாதிருந்தது என ஐந்து தொடர்களில் எழுதுக.