ஆனர்ஸ் படிப்பில் என்ன வித்தியாசம்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் ஆனர்ஸ் படிப்பு வழக்கமான இளங்கலையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பதில்: பட்டம் ஒன்றுதான், படிக்கும் விதம்தான் வேறு. பெரிய பல்கலைக்கழகங்களின் தொடக்கநிலை வகுப்புகளில் சில நூறு பேர்கூட உட்கார்ந்திருப்பார்கள். ஆனர்ஸ் என்றால் சிறு குழு, விவாதம், பெரும்பாலும் கடைசி ஆண்டில் ஓர் ஆய்வேடு. சேரவும் நீடிக்கவும் நல்ல மதிப்பெண் வேண்டும். பல இடங்களில் பாடங்களை முந்திப் பதிவு செய்யும் சலுகையும் உண்டு. மாணவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் அதன் அப்போதைய தலைவர் ஃபிராங்க் ஏடலாட் ஆக்ஸ்ஃபோர்டை முன்மாதிரியாகக் கொண்டு 1922இல் தொடங்கிய ஆனர்ஸ் திட்டம் இன்னும் கறாரானது. முடிவில் வெளியிலிருந்து வரும் பேராசிரியர்கள் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நடத்துவார்கள். ஆனர்ஸ் தரத்தை முடிவு செய்வதும் அவர்களே, பாடம் சொல்லிக்கொடுத்தவர் அல்ல.