ஒவ்வாமையைக் கண்டறிய ஒரு கொப்பி



பிள்ளையின் உடம்பில் தடிப்பு எழும்பினால், “இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, தக்காளி கிரந்தி” என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம். இப்படி ஊகத்தினால் நிறுத்திக்கொண்டே போனால், வளரும் பிள்ளைக்கு வேண்டிய சத்துக் குறைகின்றது. உண்மையான காரணமோ மறைந்தே இருக்கின்றது.

பிறருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளைப் பகையென்று கொண்டு நம் உடல் எதிர்ப்பதே ஒவ்வாமை. இதற்கு “அலர்ஜி” என்ற பெயரை 1906ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பிர்கே இட்டார். ஒருவருக்கு ஒவ்வாதது மற்றவருக்கு ஒத்துக்கொள்ளும். ஆகவே அயல்வீட்டார் சொல்வதைக் கேட்டுப் பயனில்லை. உங்கள் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்பதையே அறிய வேண்டும்.

இதற்கு ஓர் அப்பியாசக் கொப்பி போதும். தும்மல், தடிப்பு, இழுப்பு வரும் ஒவ்வொரு முறையும் உடனே எழுதுங்கள்:

1. திகதி, நேரம்.

2. முந்திய இரண்டு மணித்தியாலத்தில் உண்டவை, குடித்தவை, எடுத்த மருந்துகள். உணவு ஒவ்வாமை பெரும்பாலும் இந்நேரத்துக்குள் தோன்றிவிடும்.

3. இருந்த இடம். வீடு கூட்டிய தூசு, நுளம்புச் சுருள், சாம்பிராணிப் புகை, பூனை ஏதும் அருகில் இருந்ததா?

4. தோன்றியது என்ன? எவ்வளவு நேரம் நீடித்தது?

5. அதே உணவை உண்ட மற்றவர்களுக்கும் வந்ததா?

ஐந்தாவது கேள்வி மிக முக்கியமானது. சூரை மீனைப் பிடித்தபின் ஐஸில் வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். சமைத்தாலும் அது அழியாது. உண்டவர்களுக்கு முகம் சிவந்து, தடிப்பும் தலையிடியும் வரும். ஒரே கறியை உண்ட பலருக்கும் இப்படி வந்தால், பெரும்பாலும் பழுது மீனிலேயே உள்ளது. இதை அறியாவிட்டால், பிள்ளை காரணமின்றி ஆயுள் முழுவதும் மீனை இழந்துவிடும்.

காலையில் எழும்பியதும் தும்மல் தொடர்கின்றதென்று கொப்பி காட்டினால், தலையணையையும் மெத்தையையும் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகள் அங்கே வாழ்கின்றன. உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை நன்கு சூடான நீரில் துவையுங்கள்.

நான்கு கிழமை எழுதிய கொப்பியை வைத்தியரிடம் கொடுங்கள். கொப்பி சந்தேகத்தைக் காட்டும். முடிவு சொல்ல வேண்டியவர் அவரே. சந்தேகமான உணவைச் சோதித்துப் பார்க்கவென்று வீட்டில் கொடுக்க வேண்டாம்.

உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்தால் “சுவசெரிய” அம்புலன்ஸ் வரும்.

நோயில் ஆண்டவரை மன்றாடவும், மருத்துவருக்கு உரிய இடத்தை அளிக்கவும் சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கின்றது. செபத்தோடு இந்தக் கவனமும் சேரட்டும்.