அவசரம் அடங்கிய ஆறு மாதம்

மன்னார்குடியில் 42 வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவன் நான். வயது 67. ஒண்ணுக்குப் போகிற கதையை நாலு பேர் படிக்க எழுதுவதா என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கூச்சம்தான் என் கிட்னியைக் கெடுத்தது.

முதலில் வந்தது அவசரம். 62 வயதில் ஆரம்பித்தது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்து கடைக்குப் பின்னால் ஓடுவேன். ஓடிப்போய் நின்றால் வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு நூல் மாதிரி வரும், நிற்கும், திரும்ப வரும். முடிந்தது என்று திரும்பினால் நாலு சொட்டு வேட்டியில் விழும். ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பேன். தஞ்சாவூருக்கு பஸ் ஏற வேண்டுமென்றால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டேன். சர்க்கரையோ என்று ரத்தம் பார்த்தேன், இல்லை. 'வயசானா இப்படித்தான்' என்று தீர்ப்பு எழுதிவிட்டு சிறுபீளைக் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறுமாகக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் போனது. பிறகு அவசரம் தானாக அடங்கிவிட்டது. ஓட வேண்டியதில்லை, மணிக்கணக்கில் கடையில் உட்கார முடிந்தது. கஷாயம் கேட்டுவிட்டது என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டு குடித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் குணமாகிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்த அந்த ஆறு மாதத்தில்தான் உள்ளே எல்லாம் கெட்டுப்போனது.

திருச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். விடியற்காலையில் பாய் நனைந்திருந்தது. "என்னங்க, சொம்பைத் தட்டிவிட்டுட்டீங்களா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். மறுநாளும் சொம்பையே குற்றவாளியாக்கினேன். மூன்றாம் நாள் அவள் சொம்பையே வைக்கவில்லை, பாய் மட்டும் நனைந்திருந்தது. மாப்பிள்ளை எதுவும் கேட்காமல் ஆட்டோ பிடித்துவந்து, "வாங்க மாமா, ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துடலாம்" என்றார்.

தண்ணீர் குடிக்கவைத்து ஒரு தடவை பார்த்தார்கள். போய்விட்டு வரச் சொல்லித் திரும்பப் பார்த்தார்கள். நான் போய்விட்டுத்தான் வந்தேன், சுத்தமாகப் போய்விட்டதாகவே எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகும் சிறுநீர்ப்பையில் 640 மில்லி நின்றது. அரை லிட்டர் பால் பாக்கெட்டைவிட அதிகம். எனக்கோ ஒரு வலியும் இல்லை. தொப்பை என்று நான் நினைத்திருந்த அடிவயிற்றை யூராலஜி டாக்டர் ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். "ஐயா, இது தொப்பை இல்லை, உங்க யூரின் பை" என்றார். பிராஸ்டேட் 62 கிராம். வாலிபத்தில் அது சுமார் 20 கிராம்தான் இருக்குமாம். இரண்டு கிட்னியும் வீங்கியிருந்தன, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் 3.1-க்கு ஏறியிருந்தது.

அவர் சொன்னதை நான் என் தொழில் பாஷையில்தான் புரிந்துகொண்டேன். சிறுநீர்ப்பை என்பது வெறும் பை அல்ல, சதையால் ஆனது. சாதாரணமாக 400, 500 மில்லி பிடிக்கும். நிரம்பும்வரை தளர்ந்துகொடுக்கும், போகும்போது இறுகி வெளியே தள்ளும். அதன் வாசலில்தான் பிராஸ்டேட் சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அது பெருத்துக் குழாயை நெருக்கினால், பை கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது. தினமும் சுமை தூக்குகிறவன் தோள் மாதிரி பையின் சதை தடிக்கிறது. தடித்த சதை முன்போல விரிந்துகொடுக்காது. பாதி நிரம்புவதற்குள் தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். நான் பின்கட்டுக்கு ஓடியது அந்தத் துடிப்பால்தான். மிச்சம் நிற்க ஆரம்பித்தால் இன்னும் மோசம். 400 பிடிக்கும் பையில் 200 எப்போதும் கிடந்தால் மீதி 200-க்குத்தானே இடம்?

தடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் சதைக்கு நடுவே நார் படிகிறது, நரம்பின் உணர்ச்சி மங்குகிறது, பை தோற்றுப்போய்த் தொய்ந்துவிடுகிறது. அளவுக்கு மீறிக் காற்றடித்து மாதக்கணக்கில் விட்ட டியூப், காற்றை இறக்கினாலும் பழைய அளவுக்குச் சுருங்காது. அப்படி ஆனபோதுதான் எனக்கு அவசரம் அடங்கியது. நிரம்பியதைச் சொல்ல வேண்டிய பை சொல்வதை நிறுத்திவிட்டது. தூக்கத்தில் வாசல் தளரும்போது வழிந்ததுதான் பாயில் கண்டது. வயதான ஆண் புதிதாகப் படுக்கையை நனைத்தால் அதை முதுமை என்று தள்ளிவிடாதீர்கள், உடனே ஸ்கேன் பாருங்கள்.

கிட்னிக்கு எப்படிப் போனது? கிட்னியிலிருந்து வரும் இரண்டு குழாய்களும் பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகின்றன. சைக்கிளின் வால் டியூப் மாதிரி உள்ளே வரவிடும், திரும்பப் போகவிடாது. பைக்குள் அழுத்தம் இரவு பகலாக ஏறியே இருந்தால், மேலிருந்து இறங்க வேண்டியது இறங்க முடியாமல் கிட்னியிலேயே தேங்கிவிடும்.

சிறுநீர் வடிய டியூப் போட்டார்கள். பை வடிந்ததும் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த 24 மணி நேரத்தில் 6 லிட்டர் போனது. இத்தனை நாள் அடைபட்டிருந்த கிட்னி, உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கத் தெரியாமல் கொட்டுமாம். போகிற அளவைக் குறித்துக்கொண்டே சலைன் ஏற்றினார்கள். இதனால்தான் நீண்டநாள் அடைப்புக்கு வீட்டில் டியூப் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது, ஆஸ்பத்திரியில் இருந்து பார்க்க வேண்டும். மாத்திரையில் சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். கிட்னி வீங்கின பிறகு மாத்திரையை நம்பி உட்கார முடியாது என்றார் டாக்டர். டியூபோடு ஒரு மாதம் இருந்தேன். கிரியாட்டினின் 1.6-க்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இன்றுவரை இறங்கவில்லை.

அதன் பிறகு ஆபரேஷன். வயிற்றைக் கிழிக்கவில்லை, சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது, அதனால் திரையில் என் பையை நானே பார்த்தேன். வழவழப்பாக இருக்க வேண்டிய சுவர் ஆலமர வேர் மாதிரி வரிவரியாகப் புடைத்திருந்தது. இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு இருட்டுப் பொந்து. டயர் கிழிந்த இடத்தில் டியூப் பிதுங்குமே, அதேதான். பொந்துக்குச் சதை இல்லை, உள்ளே போன சிறுநீரைத் தள்ளத் தெரியாது. தேங்கினால் கிருமியும் கல்லும் சேரும் என்று அதைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுரண்டிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், புற்று இல்லை. இனி விந்து பெரும்பாலும் வெளியே வராமல் பைக்குள் போகும், அதனால் கெடுதல் இல்லை என்பதை டாக்டர் முன்கூட்டியே சொன்னார். இதைச் சொல்லாத இடத்தில் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் சிநேகிதன் கதை வேறு. அவனுக்கும் பிராஸ்டேட் வீக்கம்தான். ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் தானே மாத்திரை வாங்கிப் போட்டான். மூக்கடைப்பை எடுக்கும் மருந்து வாசலை இறுக்கும், அரிப்பு, ஜலதோஷ மருந்துகளில் பல பையின் தள்ளுதலைக் குறைக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. தெருவே கேட்கக் கத்தினான். அன்றிரவே டியூப், மூன்றாம் நாள் அதை எடுத்தாகிவிட்டது, இப்போது ராத்திரி ஒரு மாத்திரையோடு நன்றாக இருக்கிறான். "நான் கத்தினேன், தப்பிச்சேன். நீ மானத்தைப் பாத்தே" என்று கிண்டல் செய்வான். எந்த வியாதிக்கு மருந்து வாங்கினாலும் பிராஸ்டேட் உண்டென்று சொல்லிவிட்டுத்தான் இப்போது வாங்குகிறோம், இருவரும்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து எனக்குப் பையில் மிச்சம் 90 மில்லி. ராத்திரி இரண்டு தடவை இன்னும் எழுகிறேன். வாசல் திறந்தாலும் தடித்த பை பழையபடி ஆக நாளாகும், முழுக்க ஆகாமலும் போகலாம். அவசரம் வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்த்துத்தான் போகிறேன், பையின் பேச்சை நம்புவதில்லை. போய்விட்டு ஒரு நிமிடம் நின்று இரண்டாம் தடவை முயல்வேன், எப்படியும் கொஞ்சம் வரும். தண்ணீரை மொத்தத்தில் குறைக்கவில்லை, ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் குறைத்தேன்.

மாதத்தில் மூன்று நாள் அளந்து எழுதுகிறேன். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி. ஒரு தடவைக்கு 250, 300 வந்தால் சந்தோஷம். 100, 120 என்று இறங்கினால் ஸ்கேனுக்குப் போய்விடுவேன், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும். அளக்கிற பிளாஸ்டிக் குவளை பாத்ரூம் ஜன்னலில் இருக்கும். சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டும் மனைவி அதைப் பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்துவிடுவாள். அவர்கள் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி நான்தான் எடுக்க வேண்டும்.